இரண்டு பேர் சாப்பாடு

“இனிமே பிரிக்கத் துணி இல்ல தம்பி. தையல் ஓரத்துல ஒரு நூலளவுகூட மிச்சம் இல்ல” என்று கொழுந்தனிடம் சொல்லி அண்ணி அளவு நாடாவைச் சுருட்டி மேஜைமேல் எறிந்தாளே, போன வாரம் அந்த இடத்தில்தான் இவர்களை விட்டுவிட்டு வந்தோம்.

அண்ணி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள். நோய்க்காலத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்றதன் பலன் எல்லாம் கடைசியில் அவள் மெஷினுக்குத்தான் வந்து சேர்ந்தது. இடுப்பைப் பெரிசாக்கு, அக்குளைப் பிரி, பொத்தானைத் தள்ளி வை. இந்த இரண்டு வருஷத்தில் புதுத்துணி தைத்ததைவிடப் பழைய துணியை அகலப்படுத்தியதுதான் ஜாஸ்தி. அதிலும் எல்லாரையும் முந்திக்கொண்டு அகலமானது கொழுந்தனின் சீருடை.

கொழுந்தன் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறான். தலை நரைக்கத் தொடங்கிவிட்டாலும் வீட்டில் அவன் சின்னவன்தான். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தாலே “அண்ணி சமையலை விட்டுட்டு எங்க போறது?” என்று நழுவிவிடுவான்.

அதே இரண்டு வருஷத்தில் அண்ணனின் சட்டைகளை அவள் பிடித்துப் பிடித்துச் சின்னதாக்கியிருந்தாள். அது அவளுக்குப் பெரிசாகப் படவில்லை. நோயில் அடிபட்ட உடம்பு, மெல்லத்தான் தேறும் என்று நினைத்தாள். தட்டு நிறையப் போடுவாள். தட்டும் வழித்து வைத்ததுபோலக் காலியாகும். பிறகு என்ன கவலை?

காலி செய்தது யார் என்பது அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

நோய் விட்டுப் போனபோது அண்ணனின் மூக்கிலிருந்து வாசனையையும் பிடுங்கிக்கொண்டு போயிற்று. சில மாதம் கழித்து வாசனை திரும்பியது. திரும்பியது கோணலாகத் திரும்பியது. வதக்கிய வெங்காயம் எரிந்த டயர்போல நாறியது. பூண்டு என்றால் சாக்கடை. காபி டம்ளரைக் கிட்டே கொண்டுபோனால் குடல் வாய்க்கு வந்தது. ஒருநாள் தன் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கத்தில் வாந்தி எடுத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தவனைச் சின்னவன்தான் பார்த்தான்.

“அவகிட்ட சொல்லிடாதடா” என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். “அவ சமைச்சுப் போட்டுத்தான் நான் எழுந்து உக்காந்தேன்னு நம்பிக்கிட்டு இருக்கா. அந்தச் சாப்பாடே நாறுதுன்னு எந்த வாயால சொல்றது?”

“அப்போ கொட்டிடலாம்ணே.”

“கை வலிக்க வலிக்க அவ செஞ்சதையா? குப்பையிலயா?”

அன்றிலிருந்து அண்ணன் தட்டு சின்னவன் பொறுப்பாயிற்று. அண்ணி அடுப்படிக்குத் திரும்பும் நேரம் பார்த்து காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் இந்தப் பக்கம் வழுக்கி வந்துவிடும். மதியச் சாப்பாட்டு டப்பாவும் அப்படித்தான். காலையில் அண்ணன் கடை ஷட்டரைத் தூக்கிவிடப் போகும்போதே சின்னவன் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவான். அண்ணன் பிஸ்கட்டும் ஆறிப்போன பாலுமாகக் காலம் தள்ளினான். ஆரம்பத்தில் சின்னவன் அந்த டப்பாவை நிலையத்தில் நாலு பேருக்குப் பகிர்ந்து கொடுத்துப் பார்த்தான். ஒருநாள் அண்ணி நிலையத்துக்கு வந்தபோது அவர்கள் கூடி நின்று, “அண்ணி, நேத்து அந்த வறுவல் ஏ ஒன்!” என்று ஆரம்பித்துவிட்டார்கள். அதோடு பகிர்வதை நிறுத்திக்கொண்டான்.

உள்ளதைச் சொன்னால், அவனுக்கு அது பிடித்தும் இருந்தது. அண்ணி சமையல் அப்படி.

இப்போது இன்றைய நாளுக்கு வருவோம்.

இன்றைக்கு நிலையத்தில் வருடாந்தர உடல் தகுதிச் சோதனை. காலையில் உடம்பை அளப்பது, மதியத்துக்குமேல் புகை அறைப் பயிற்சி. இந்த வருஷம் குடும்பத்தாரையும் கூட்டி வரலாம், அவர்களையும் சேர்த்துப் பரிசோதித்து அனுப்புவோம் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“நானும் வரேன். அந்த நர்ஸம்மா உன்னை நிக்க வச்சுத் திட்டறதை என் ரெண்டு காதாலயும் கேக்கணும்.”

“நீங்க தினமும் திட்டறது பத்தலையா அண்ணி?”

“நான் திட்டினா உனக்கு உறைக்குதா? தண்ணித் தொட்டிகூட ரொம்பினா நின்னுடும். உன் வயிறு நிக்குதா பாரு.” சொல்லிக்கொண்டே முட்டை வறுவலை அண்ணன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட்டாள். “இவரைப் பார்த்தாவது கத்துக்க. போட்டதைச் சத்தமில்லாம சாப்பிட்டு எழுந்துடறார். உடம்புல ஒட்டுதா? என்னங்க, நீங்களும் கிளம்புங்க. கடையை இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாத் திறந்துக்கலாம்.”

அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெங்காயம் வதக்கிய அடுப்படியிலிருந்து ஆவி இன்னும் அடங்கவில்லை. “எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்?”

“நல்லா இருக்கறவங்களும் போகலாம், தப்பில்ல.”

அவள் உப்பு எடுக்கத் திரும்பினாள். வறுவல் இடம் மாறியது. சின்னவன் இரண்டே வாயில் அதை முடித்தான். சோதனை நாளன்று வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போகிறோமே என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லத்தான் செய்தது. முட்டை வறுவலின் முன்னால் அந்தக் குரல் எடுபடவில்லை.

நிலையத்தில் வண்டிகளை வெளியே முற்றத்தில் நிறுத்திவிட்டுக் கொட்டகையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத்தரையில் நாற்காலிகள். ஒரு ஓரத்தில் அந்த மெஷின் நின்றது. எடை பார்க்கும் மேடைபோல இருந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி. வெறுங்காலோடு ஏறிக் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு நின்றால், உடம்பில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடுமாம்.

“ஷாக் அடிக்குமா சிஸ்டர்?” என்று கேட்டவன் ஏணி. சின்னவனோடு எப்போதும் ஜோடியாக நெருப்புக்குள் போகிறவன். நெட்டையாக இருப்பதால் அந்தப் பெயர். மனசில் ஒன்று வைத்துக்கொள்ளத் தெரியாது. காதில் விழுந்தது வாய் வழியாக வந்துவிடும்.

“அடிச்சா நல்லதுதான். கொஞ்ச நேரம் பேசாம இருப்பே” என்றான் சின்னவன்.

முதலில் சின்னவன்தான் ஏறினான். அண்ணி கைகளைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். நாடகம் பார்க்க இடம் பிடித்தவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “கொழுப்பு ஜாஸ்தியாத்தான் இருக்கு. அதுவும் வயித்தைச் சுத்தி. இது குறையணும்.”

“நல்லா சொல்லுங்க சிஸ்டர், சத்தமா” என்றாள் அண்ணி.

“ஆனா சதை நல்லா இருக்குங்க. கால், தோள் எல்லாம் வலுவா இருக்கு. உழைக்கிற உடம்பு. சாப்பாட்டைப் பாதியாக்கினாலே வழிக்கு வந்துடும்.”

அண்ணிக்கு ஏமாற்றம். இவ்வளவுதானா என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள். பிறகு புருஷனின் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள். “இவரையும் பாருங்க. இவருக்கு எடை ஏறாத வாகு.”

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். மெஷின் கொஞ்சநேரம் யோசித்தது. நர்ஸ் திரையைப் பார்த்தாள். அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“ஒருதரம் இறங்கி ஏறுங்க சார்.”

ஏறினான். அதே பதில்தான் வந்திருக்க வேண்டும். கையின் பலம் பார்க்க ஒரு சின்ன இரும்புப் பிடியை அவன் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னாள். அவன் அழுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது, பிடியிலிருந்த முள் நகர மனசில்லாமல் நகர்ந்தது. பிறகு ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

“உக்காருங்க. கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு, எதையும் பிடிக்காம எழுந்திருங்க. உக்காந்து உக்காந்து எழுந்துக்கிட்டே இருங்க. நான் சொல்றப்போ நிறுத்தலாம்.”

முதல் தடவை எழுந்தான். இரண்டாவது தடவை முன்னுக்குச் சாய்ந்து எழுந்தான். அடுத்த தடவை பாதியில் முழங்கால் நடுங்கியது. கட்டியிருந்த கைகள் தாமாக அவிழ்ந்து தொடையில் ஊன்றிக்கொண்டன. அப்படியே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

அண்ணி கட்டியிருந்த கைகளை எப்போது அவிழ்த்தாள் என்று தெரியவில்லை. “என்னங்க...” என்றாள்.

நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எடையை மட்டும் பார்த்தா ஒல்லியா இருக்கார்னு விட்டுடுவோம். உள்ள சதையே இல்லைங்க. கரைஞ்சு போயிருக்கு. என்ன சாப்பிடறார்?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல அண்ணி சொன்னாள். காலையில் முட்டை, மதியம் சோறும் காயும் மீனும், ராத்திரி கறியும் ரொட்டியும், படுக்கும்முன் ஒரு டம்ளர் பால். சொல்லச் சொல்ல அவள் குரலில் நம்பிக்கை ஏறியது. இவ்வளவு சாப்பிடுகிறவருக்கு என்ன வந்துவிடப்போகிறது?

நர்ஸின் முகம் அதற்கு நேர்மாறாக மாறிக்கொண்டே வந்தது.

“இவ்வளவும் தினமும் சாப்பிடறாரா? மிச்சம் வைக்காம?”

“தட்டைக் கழுவவே வேண்டாம், அப்படி இருக்கும்.”

“அப்படின்னா இதைச் சாதாரணமா விடக்கூடாதுங்க. சாப்பிட்டும் இப்படி உருகிப்போகுதுன்னா உள்ள வேற ஏதாவது இருக்கலாம். பயப்படாதீங்க, ஆனா தள்ளிப்போடாதீங்க. ரத்தம் பார்க்கணும், ஸ்கேன் எடுக்கணும். பெரிய டாக்டர் ஒருத்தர்கிட்ட நான் பேசறேன்...”

அண்ணியின் முகத்தில் ரத்தம் வற்றியது. பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகை ஒரு கை தேடிப் பிடித்தது. நோய்க்காலத்தில் மூடிய கதவுக்கு வெளியே, உள்ளிருந்து இருமல் சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாளே, அதே முகம். சின்னவன் அந்த முகத்தைத் திரும்பப் பார்க்கக் கூடாது என்று எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டவன்.

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவர் சாப்பிடல சிஸ்டர்” என்றான் சின்னவன். “நான்தான் சாப்பிடறேன்.”

“என்னது?”

“அவர் தட்டையும் நான்தான் சாப்பிடறேன். காலையில, மதியம், ராத்திரி. ரெண்டு வருஷமா.”

ஏணி எங்கிருந்தோ “அட!” என்றான். அவன் பக்கத்தில் நின்றவன் அவன் காலை மிதித்திருக்க வேண்டும். அடுத்த சத்தம் வரவில்லை.

அதற்குப்பிறகு அண்ணன் பேசினான். தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் சொன்னான். டயரும் சாக்கடையும், கடையின் பின்பக்கம், பிஸ்கட். நர்ஸ் கவனமாகக் கேட்டாள். இப்படி மூக்கு கோணிப்போன இன்னும் சிலரைத் தான் பார்த்திருப்பதாகவும், சிலருக்குச் சீக்கிரம் நேராகும், சிலருக்கு நாளாகும் என்றும் சொன்னாள். “சூடா இருந்தா வாசனை மேல ஏறும். ஆறவச்சுச் சாப்பிட்டுப் பாருங்க. வதக்காம, தாளிக்காம. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. பயறு, தயிர், பருப்பு மாதிரி சதை வைக்கிற சாப்பாடா பாருங்க. தினமும் நாற்காலியில உக்காந்து எழுந்து பழகுங்க. ரத்தப் பரிசோதனையையும் விட்டுடாதீங்க. ஆனா மனசை விட்டுடவேண்டாம், காரணம் தெரிஞ்சுபோச்சு இல்ல?”

அண்ணி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். நர்ஸுக்கு நன்றி சொன்னாள். குனிந்து புருஷனின் செருப்பை அவன் காலருகே எடுத்துப் போட்டாள். சின்னவன் பக்கம் திரும்பாமலே வாசலைப் பார்த்து நடந்தாள்.

“அண்ணி...”

அவள் நிற்கவில்லை. அண்ணன் பின்னாலேயே போனான். வாசலைத் தாண்டும்போது அவள் வேகத்தைக் குறைத்து அவனைத் தன் கையைப் பிடித்துக்கொள்ள விட்டதைச் சின்னவன் பார்த்தான். அந்த ஒன்று போதும் என்று அவனுக்குத் தோன்றியது.

மதியத்துக்குமேல் புகை அறை.

நிலையத்தின் பின்னால் இரண்டு மாடிக் கட்டடம். ஜன்னலே கிடையாது. உள்ளே புகையை நிரப்பிவிடுவார்கள். முகமூடியும் முதுகில் காற்றுச் சிலிண்டருமாக ஜோடி ஜோடியாகப் போக வேண்டும். மாடியில் எங்கோ ஒரு பொம்மை கிடக்கும். ஆள் எடைக்கு மணல் அடைத்த பொம்மை. தடவித் தடவிக் கண்டுபிடித்து அதைக் கீழே கொண்டு வர வேண்டும்.

சின்னவனுக்கு இது புதுசில்லை. நோய்க்காலத்துக்கு முன்னால் அவனும் ஏணியும் போனால் மற்றவர்கள் கைதட்டுவார்கள்.

சுவரை ஒட்டித் தவழ்ந்து போனார்கள். படி ஏறும்போதே சின்னவனுக்கு மூச்சு இரைத்தது. இரைக்க இரைக்கக் காற்றை இழுத்தான். பொம்மையைக் கண்டுபிடித்தது அவன்தான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கியதும் அவன்தான். அதில் குறை சொல்ல முடியாது. தோளில் வலு அப்படியே இருந்தது. ஆனால் படிக்கட்டில் பாதி இறங்கியபோது அவன் முதுகில் விசில் அடித்தது.

சிலிண்டரில் காற்று தீரப்போகிறது என்று சொல்லும் விசில் அது. அது அடித்துவிட்டால் போட்டது போட்டபடி வெளியே வர வேண்டும். ஒருவனுக்கு அடித்தால் இரண்டு பேரும் வர வேண்டும். அதுதான் விதி. ஏணியின் சிலிண்டரில் தாராளமாகக் காற்று இருந்தது. ஆனாலும் அவன் பொம்மையின் காலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுச் சின்னவன் தோளைத் தட்டினான். இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.

பொம்மை படிக்கட்டிலேயே கிடந்தது.

நிலைய அதிகாரி வயதில் அவனைவிட இளையவள். கத்துகிற பழக்கம் இல்லாதவள். தன் அறையில் அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

“காலையில நடந்ததைக் கேள்விப்பட்டேன். உங்க அண்ணனுக்காகச் செஞ்சிருக்கீங்க. அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

“நான் குறைச்சுடுவேன் மேடம். இனிமே எனக்கு ஒரு தட்டுதான்.”

“குறைச்சுடுவீங்க, தெரியும். ஆனா அதுவரைக்கும்? அது பொம்மை. அதனால நாம இப்போ உக்காந்து பேசிக்கிட்டு இருக்கோம்.”

சின்னவன் தண்ணீர் டம்ளரைக் கையில் சுற்றினான்.

“மூணு மாசம் கட்டுப்பாட்டு அறையில இருங்க. போன் எடுங்க. உங்க இடத்துல ஏணிகூட வேற ஆள் போகட்டும். மறுபடி சோதனை வைக்கறேன். அப்பவும் விசில் அடிச்சுதுன்னா...” முடிக்காமல் விட்டாள். “அப்போ நானும் ஒண்ணும் பண்ண முடியாது. வண்டி உங்களுக்கு இல்லைன்னு ஆயிடும்.”

“சரிங்க மேடம்.”

வெளியே வந்தபோது வண்டிகளைத் திரும்பக் கொட்டகைக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏணி அவனைத் தேடுவது தெரிந்தது. சின்னவன் பின்பக்கச் சந்து வழியாக நழுவி வீட்டுக்கு நடந்தான். போன் இரண்டு மூன்று தரம் அடித்தது. எடுக்கவில்லை.

வழியெல்லாம் அண்ணி என்ன சொல்வாள் என்றே யோசித்துக்கொண்டு போனான். பேசவே மாட்டாளோ? அழுதிருப்பாளோ? சமைக்காமல் படுத்திருப்பாளோ?

வீட்டுக்குள் காலை வைத்ததும் முதலில் உறைத்தது, வாசனையே இல்லை என்பதுதான். ஜன்னல்கள் எல்லாம் பப்பரப்பா என்று திறந்து கிடந்தன. அடுப்படியில் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. முன்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

துணி வெட்டும் பெரிய மேஜையைக் காலி செய்து அதன்மேல் கிண்ணம் கிண்ணமாகப் பரப்பி வைத்திருந்தாள் அண்ணி. தயிர், வெள்ளரிக்காய், அவித்து ஆறவைத்த உருளைக்கிழங்கு, அவித்த பயறு, வேர்க்கடலை, பாலாடைக்கட்டி, ஆப்பிள், ரொட்டி. எதிரே அண்ணன் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“இது?”

அண்ணன் மோந்து பார்த்தான். “தேவலாம். ஈரச் சுவர் மாதிரி.”

“ஈரச் சுவர் தேவலாமா?”

“டயருக்கு ஈரச் சுவர் எவ்வளவோ மேல்.”

“அப்போ சாப்பிடுங்க. இது?”

“ஐயோ, வேண்டாம். செருப்புக்கடை.”

“நல்ல வேர்க்கடலையைப் போய்...” அவள் அந்தக் கிண்ணத்தைச் சின்னவன் பக்கம் தள்ளினாள். அப்போதுதான் அவன் நிற்பதைப் பார்த்தாள். கண்ணிமைகள் வீங்கியிருந்தன. அழுது முடித்துவிட்டுத்தான் சிரிக்க வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

“வா. உக்காரு” என்றாள்.

உட்கார்ந்தான்.

“உங்க ரெண்டு பேரையும் ஒண்ணு கேக்கணும். என் சமையல் நாறுதுன்னு சொன்னா நான் என்ன செத்தா போயிடுவேன்?”

அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். “நீ அந்தக் கதவுக்கு வெளியிலயே கிடந்தே. நான் முதமுதலா ரெண்டு வாய் கஞ்சி குடிச்சப்போ, வெளிய நீ அழுத சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை தட்டு வைக்கறப்பவும் அதே கண்ணோட என்னைப் பார்ப்பே. எப்படிச் சொல்வேன் சொல்லு.”

“நான் பார்த்தது உங்களை. சோத்தை இல்ல.” அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஷட்டரைத் தூக்க முடியாம தம்பியைக் கூப்பிடறீங்க, அது கூட எனக்குத் தெரியாது. சட்டையைப் பிடிச்சுப் பிடிச்சுத் தெச்சேன். ஒரு நாளாவது கையைப் பிடிச்சுப் பார்த்தேனா? என்ன பொண்டாட்டி நான்?”

“அப்படிச் சொல்லாத.”

“நீங்க பேசாதீங்க. பயறைச் சாப்பிடுங்க.”

அவன் சாப்பிட்டான். நிதானமாக மென்று, முகம் சுளிக்காமல் விழுங்கினான். அடுத்த வாயும் எடுத்தான். சின்னவன் தன்னை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் தன் தட்டிலிருந்து தானே எடுத்துச் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று! அண்ணி தனக்கும் அதே பயறைப் போட்டுக்கொண்டாள். உப்பில்லை, காரமில்லை, தாளிப்பில்லை. ஒரு வாய் போட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உனக்கு எதுக்கு இந்தத் தண்டனை? உனக்கு வேற செஞ்சுக்க.”

“எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணுன்னு இந்த வீட்ல இனிமே கிடையாது.” பிறகு சின்னவன் பக்கம் திரும்பினாள். அவன் கிண்ணத்தில் பயறைப் போட்டாள். அளவாகப் போட்டாள். போட்ட கை அங்கேயே நின்றது.

“உன்னை என்னென்ன பேசியிருக்கேன் நான்! தண்ணித் தொட்டின்னேன். சாக்கு மூட்டைன்னேன். வந்தவங்க போனவங்க முன்னாடியெல்லாம் உன் வயித்தைக் காட்டிச் சிரிச்சேன். எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு ஒரு வார்த்தை பேசலையே தம்பி.”

“விடுங்க அண்ணி. நீங்க திட்டறதும் உங்க வறுவல் மாதிரிதான். பழகிட்டா அது இல்லாம இருக்க முடியாது.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. “என் புருஷனுக்காக உன் உடம்பைக் கெடுத்துக்கிட்டே. இதனால உன் வேலைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நான் இந்த ஜென்மத்துல என்னை மன்னிச்சுக்க மாட்டேன்.”

சின்னவன் குனிந்து பயறை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

“இங்க பாருங்க, ரெண்டு பேரும்” என்றாள் அவள். குரல் தேறியிருந்தது. “இனிமே உடம்பு விஷயத்துல இந்த வீட்டுக்குள்ள ஒளிவு மறைவு கூடாது. தலைவலின்னாலும் சொல்லணும், தும்மினாலும் சொல்லணும். என் தலைமேல சத்தியமா.”

“சரிம்மா” என்றான் அண்ணன்.

“சரி அண்ணி” என்றான் சின்னவன்.

“ஆமா, சோதனை என்னாச்சு? அந்தப் புகை அறை? மதியத்துக்குமேல இருந்துச்சே?”

அண்ணன் நிமிர்ந்தான். இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். அண்ணியின் வீங்கிய கண்களில் பயம் எட்டிப்பார்த்தது. அதைப் பார்க்கும்வரை உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் சின்னவன் இருந்தான்.

“பாஸ்” என்றான்.

“நெஜமா?”

“பொம்மையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்திட்டேன். மேடமே கைதட்டினாங்க.”

அண்ணி இரண்டு கைகளாலும் அவன் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். அன்று முழுக்க அவள் முகத்தில் வராத வெளிச்சம் அப்போது வந்தது. அண்ணன் மட்டும் தம்பியின் முகத்தைப் பார்த்தபடி பயறை மென்றுகொண்டிருந்தான்.

வாசல் கதவைத் தடதடவென்று யாரோ தட்டினார்கள்.

“அண்ணி! நான்தான், ஏணி! இவன் போனை எடுக்க மாட்டேங்கறான். மனசு கேக்கல, நேராவே வந்துட்டேன்!”

“நான் திறக்கறேன் அண்ணி” என்று சின்னவன் எழுந்தான். மேஜை ஆடியது.

“நீ சாப்பிடு. ஜெயிச்சவனைப் பார்க்க வந்திருக்கான், வாசல்லயா நிக்க வைக்கறது?” அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவனை முந்திப் போய்விட்டாள். தாழ்ப்பாள் விலகியது.

ஏணி வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. மலர்ந்த முகத்தோடு எதிரே நிற்கிற அண்ணியைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அழாம இருக்கீங்களே, அதுவே பெரிசு அண்ணி” என்றான். “மூணு மாசம்தானே? அதுக்குள்ள இளைச்சுடுவான். அவன் இல்லாம நான் மட்டும் எப்படி வண்டி ஏறறதுன்னுதான்...”

அண்ணி திரும்பிச் சின்னவனைப் பார்த்தாள்.